சுவரும் கோடிப் புடவையும்

உலகில் பேர்பெற்ற சுவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சுவரின் நீளத்தைச் சொல்வார்கள். பிறகு உயரத்தை, பிறகு அதை எழுப்பிய அரசின் பெயரை, கடைசியாக அதைத் தாண்ட முயன்று இறந்தவர்களின் எண்ணிக்கையை. எங்கள் சுவரைப் பற்றி இவற்றில் எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை யாரும் அளந்து பார்த்ததில்லை. கட்டியது அரசும் அல்ல, தோட்டத்தை வாங்கிய கம்பெனி. அதைத் தாண்ட முயன்று யாரும் சாகவில்லை. செத்துப்போன ஒருத்திக்காக ஒரு புடவை அதைத் தாண்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மலேசியாவில், கூலிம் நகருக்கு வெளியே, ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டத்தின் நடுவே ஒரு மண்சாலை ஓடியது. சாலைக்கு மேலே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், மாரியம்மன் கோயில், இடுகாடு. கீழே மரக்காடு, அதன் ஓரத்தில் பள்ளிக்கூடம், ஒரு மளிகைக்கடை. தோட்டம் கைமாறியதும் கீழே இருந்த மரங்கள் போய் அங்கே தரைவீடுகள் வரிசை வரிசையாக வந்தன. லயத்தைக் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அந்த வீடுகள் சலுகை விலையில் கிடைக்கும் என்றார்கள். பாதிப் பேர் போட்டார்கள், பாதிப் பேர் போடவில்லை.

அப்பா போட்டார். அதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. மழை பெய்தால் லயத்து வீட்டில் படுக்க இடம் தேட வேண்டும். அம்மா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், கம்பெனி பஸ் கீழேதான் நிற்கும். அப்பாவும் மரத்தில் பால் வெட்டுவதை விட்டுவிட்டு, ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் அக்காவான என் அத்தையின் கணவர், பெரிய மாமா, போடவில்லை. வீட்டுக்கு வீடு வேண்டாம், உழைத்த மண்ணில் நிலம் வேண்டும் என்று வழக்குப் போட்ட கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். நாங்கள் சாமான்களை வேனில் ஏற்றிய அன்று அத்தை வந்து பாத்திரங்களைச் சுமந்து கொடுத்தார். பெரிய மாமா அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அவரும் பேசிக்கொள்ளாமல் போனது அன்றிலிருந்துதான்.

சுவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வந்தவை சாலை ஓரமாக அளவுக்காரர்கள் அடித்துவிட்டுப் போன மரமுளைகள். அவற்றில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நாங்கள் பெண்பிள்ளைகள் அதை அவிழ்த்துச் சடையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். பிறகு முள்கம்பி வந்தது. முள்கம்பி பெரிய தொந்தரவாக இல்லை. அம்மா கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடிப்பார், அத்தை குழம்புச் சட்டியோடு குனிந்து நுழைந்து வருவார். அடுத்து தகரம் அடித்தார்கள். தகரத்திலும் ஆணி கழன்ற ஓர் இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் புதுவீடுகளில் சில குடும்பங்களுக்குச் சுவர் வெடித்து, சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிப் பழைய லயத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. தகரத்தைப் பிடுங்கிவிட்டு, கான்கிரீட் பலகைகளை நட்டு, அதன் உச்சியில் சுருள் சுருளாகப் பிளேடு கம்பியை விரித்தார்கள். விளக்குக் கம்பங்கள் வந்தன. ஒரே ஒரு கேட், அதன் அருகே ஒரு காவல் கூண்டு. மேலே இருக்கிறவர்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அட்டையைக் காட்டினால் அவர்கள் வெளியே வரலாம், திரும்பப் போகலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே வந்தவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது. போனால் திரும்பி வரமாட்டார்கள் என்பது கம்பெனியின் அனுபவம்.

இப்படியாக ஓர் ஊர், கையெழுத்துப் போட்ட ஊர், போடாத ஊர் என்று இரண்டானது. சாமியும் செத்தவர்களும் அந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் கடையும் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எங்களைத் தீப்பெட்டி வீட்டுக்காரர்கள் என்றார்கள். நாங்கள் அவர்களைக் கொட்டாய்க்காரர்கள் என்றோம். வெளிநாட்டில் ஒரு நகரத்தை இரண்டாகப் பிரித்த சுவரை மக்களே இடித்துத் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துப்போன கதையை வாத்தியார் ஒருநாள் வகுப்பில் சொன்னார். மேலே லயத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, நம்ம சுவரை எப்ப சார் இடிப்பாங்க என்று கேட்டான். கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார் வாத்தியார்.

இதில் ஊரே சிரித்த விஷயம் ஒன்று உண்டு. கேட்டில் ஜாகாவுக்கு, அதாவது காவலுக்கு, ஆள் எடுத்தபோது அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அந்த வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தோளில் இறங்கித் தொங்கும் நீலச் சட்டை, இடுப்பில் ஒரு தடி. அவருக்கு அப்போதுதான் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். மாதச் சம்பளம் வேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அக்காவை வெளியே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கடையில் பேசிக்கொள்வார்கள். சின்ன மாமாவும் கூடவே சிரிப்பார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காதான் பால் வெட்டிய காசில் அவரைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவர். இதைத் திருப்பிப் போட்டால், அத்தைக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அப்பா ஒருவர்தான். சுவர் வந்த பிறகும் மஞ்சள் அட்டையோடு அவர் வெளியே வருவார், ஆனால் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். பெரிய மாமா கூடாது என்றிருந்தார். கடை வாசலில் நின்று அம்மாவிடம் பேசிவிட்டுப் போவார். பிறகு சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்து, கட்டைவிரலை எடுத்தார்கள். கேட் வரை நடக்க முடியாமல் போனது. அத்தை வீட்டின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. அப்பா வேலை முடிந்து வேனை அதற்கு நேரே, சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார். உள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "சாப்ட்டியாடா?" அப்பா சாப்பிட்டேன் என்பார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

அத்தை இறந்தது ஒரு பொது விடுமுறை நாளின் காலையில். ஆம்புலன்ஸ் கேட்டில் நின்றது என்றும், பெயர் கேட்டு, வண்டியைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள் என்றும் பிறகு பேசிக்கொண்டார்கள். அந்தத் தாமதம் இல்லையென்றால் அத்தை பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அன்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. அதற்குப் பின் கூலிமிலிருந்து சவப்பெட்டி வந்தபோது அதையும் கேட்டில் இறக்கி, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு அனுப்பினார்கள் என்பது மட்டும் உறுதி. மூடியைத் தூக்கியவர் சின்ன மாமா. அவரே மோட்டார் சைக்கிளில் வந்து எங்களுக்குச் சேதி சொன்னார்.

கட்டின பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி போக வேண்டும். கோடி என்றால் புதுத்துணி, உடுத்தாத புடவை. கூடப் பிறந்தவன் தன் கையால் கொண்டுபோய், குளிப்பாட்டிக் கிடத்திய உடம்பின்மேல் போர்த்த வேண்டும். பிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். கோடி வராமல் போகிறவள் நாதியற்றவளாகப் போகிறாள் என்று அர்த்தம். கட்டிக்கொண்ட வீடு எவ்வளவு செய்தாலும் அந்தக் குறை தீராது. அப்பா கூலிமுக்குப் போய், மஞ்சள் கரை போட்ட சிவப்பு நூல்புடவை ஒன்று வாங்கி வந்தார். அம்மா தாம்பாளத்தில் புடவை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், பூ எல்லாம் வைத்தார். புறப்பட்ட கோடி வீடு திரும்பக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும், அம்மா வாசற்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. எங்கள் வரிசையிலிருந்து சில பேர் கூட வந்தார்கள். இரண்டு தப்புக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, நாங்கள் கேட்டுக்கு நடந்தோம்.

கேட் திறக்கவில்லை.

சின்ன மாமாவுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். அவர் கெட்டவர் இல்லை. தாம்பாளத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. ஒருமுறை விட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார், தன் வேலை போய்விடும் என்று மலாயில் அப்பாவிடம் நிதானமாக விளக்கினார். பிறகு அம்மா கையில் இருந்த புடவையைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"காயின் போலே, பாங். ஓராங் தா போலே."

துணி போகலாம், ஆள் போகக் கூடாது.

சின்ன மாமா உடனே கையை நீட்டினார். "குடுங்க மச்சான், நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேன். ரெண்டு நிமிஷம்தான்லா."

"செத்துக் கெடக்குறது ஒன் அக்காவாடா?" என்றார் அப்பா.

சின்ன மாமாவின் அக்கா தாம்பாளத்தோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அம்மா அப்பாவிடம் மெல்லப் பேசினார். நேரமாகிறது, வெயில் ஏறுகிறது, யார் கையில் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதும் என்று. அப்பா தரையைப் பார்த்தபடி, சரி, உள்ளே கேட்டுக்கொண்டு வரட்டும் என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்ன மாமா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கூடவே அத்தையின் மூத்த மகன் வந்தான். எனக்கு அத்தான் முறை. அப்போதே வளர்ந்த ஆள், கூலிமில் தொழிற்சாலை வேலை. அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், பெரிய மாமா சொல்லி அனுப்பியதை ஒப்பித்தான்.

"ஜாகா சட்டை போட்ட கையில வந்தா அது பொறந்த வீட்டுக் கோடி இல்லையாம். கம்பெனி கோடியாம். அது அம்மாவுக்கு வேணாங்குறாரு. கம்பெனி கேட்டுல கையேந்தி வாங்குன கோடியும் வேணாமாம்."

தப்புக்காரர்களில் இளையவன் சின்ன மாமாவைப் பார்த்து, அப்ப சட்டையைக் கழட்டிட்டுப் போயேன்லா என்றான். பாதி கிண்டல், பாதி நிஜம். சின்ன மாமாவின் கை சட்டையின் மேல்பொத்தானுக்குப் போனது. அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துப் பெல்ட்டில் வைத்துக்கொண்டார்.

வழி சொன்னவன் அத்தான்தான். "மாமா, எங்க வீட்டுப் பின்னால வாங்க. சுவத்துக்கு மேலாக்க போடுங்க, நான் கையில புடிச்சுக்குறேன். நடுவுல எவனும் வேணாம்."

தாய்மாமன் கையிலிருந்து மருமகன் கைக்கு. அதில் குற்றம் சொல்ல யாருக்கும் இடமில்லை. அப்பா வீட்டுக்கு ஓடிப் போய் வேனை எடுத்து வந்தார். மேற்பார்வையாளர், எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, சுவரை ஒரு சுற்று பார்த்துவிட்டு வா என்று சின்ன மாமாவை எங்கள் பின்னால் அனுப்பினார். அதுதான் அவர் கொடுக்கக் கூடிய அனுமதி.

வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அப்பா வேனைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பம்பரில் கால் வைத்து, கூரைமேல் ஏறினார். தகரக் கூரை அவர் காலடியில் உள்வாங்கியது. அங்கிருந்து பார்த்தால் பிளேடு கம்பிக்கு மேலாக அந்தப் பக்கம் தெரியும். கீழே நின்ற எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரின் சிமெண்டும் அப்பாவின் கால்களும்தான். அம்மா தாம்பாளத்திலிருந்து புடவையை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மழைக்கு முந்திய காற்று வீசிக்கொண்டிருந்தது.

"முடிச்சுப் போட்டு எறிங்க மச்சான், காத்து அடிக்குது" என்றார் சின்ன மாமா.

உள்ளே ஒரு கல்லை வைத்துக் கட்டிப் போடுங்கள் என்று அம்மாவும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து அத்தானும் அதையே கத்தினான். விவரம் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்பா அசையவில்லை.

"செத்தவளுக்குக் குடுக்குற துணியில முடிச்சுப் போடுவாங்களாடா?"

அதுவும் உண்மைதான். கோடியில் முடிச்சு விழக் கூடாது. விழுந்தால் போகிற உயிர் போக முடியாமல் இங்கேயே எங்காவது கட்டுண்டு நிற்கும் என்பார்கள். தைத்த துணியைக்கூடக் கோடியாகப் போடமாட்டார்கள். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அம்மாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அப்பா புடவையைக் கடையில் மடித்துக் கொடுத்தபடியே இரண்டு கையிலும் ஏந்தி, காற்று தணியும் வரை பொறுத்திருந்து, அந்தப் பக்கம் எறிந்தார்.

மடிப்பு காற்றில் பிரிந்தது. புதுப்புடவை, கஞ்சி விறைப்பு போகாதது. எறிந்த வேகத்தில் முதல் மடி விரிந்து, பின் அடுத்தது, சிவப்பாக ஒரு பாய் விரிப்பது போல முழுப் புடவையும் தலைக்கு மேல் நீண்டு, அப்படியே பிளேடு கம்பியின் மேல் இறங்கிப் படுத்தது. ஒரு முனை எங்கள் பக்கம் தொங்கியது. இன்னொரு முனை அந்தப் பக்கம் தொங்கியிருக்க வேண்டும். நடுப்பகுதியை எத்தனையோ பற்கள் கவ்விக்கொண்டன.

அப்பா குனிந்து, மெதுவாக, குழந்தையின் தலைமுடியில் சிக்கெடுப்பது போல ஒவ்வொரு பல்லாக விடுவிக்கப் பார்த்தார். ஒன்றை எடுத்தால் காற்று இன்னோர் இடத்தில் மாட்டிவிட்டது. அவர் மணிக்கட்டில் ரத்தம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. யாரோ தொரட்டிக் கம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கம்பு பட்டதும் துணி கிழிகிற சத்தம் கேட்டது. நூல்புடவை கிழியும் சத்தம் நீளமானது.

"இழுக்காதீங்க மாமா, கிழியுது" என்றான் அத்தான் அந்தப் பக்கமிருந்து.

கிழிந்ததைக் கோடியாகப் போட முடியாது. வேறு புடவை வாங்கக் கூலிமுக்குப் போய் வரலாம் என்று அம்மா சொன்னார். அதற்குள் வானம் இருண்டுவிட்டது. மழையில் குழி நிறைந்துவிடும், தூக்கிவிடலாம் என்று உள்ளே பெரியவர்கள் பேசிக்கொள்வது கேட்டது. அத்தானை யாரோ கூப்பிட்டார்கள். அவன் போனான். சிறிது நேரத்தில் பெண்களின் அழுகை ஒரே குரலாக எழுந்து தாழ்ந்தது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்பது அதன் பொருள். தப்புச் சத்தம் லயத்தின் முன்பக்கத்தில் கிளம்பிச் இடுகாட்டுப் பக்கமாக நகரத் தொடங்கியது.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அம்மா, இறங்கி வாங்க என்று கூப்பிட்டார். அப்பா இறங்கவில்லை.

அப்போது தப்புச் சத்தம் திசை மாறியது. தூரப் போய்க்கொண்டிருந்தது, வளைந்து எங்களை நோக்கி வந்தது. வழி தவறிவிட்டார்களோ என்று நினைத்தேன். தூக்கின பெட்டி வழியில் திரும்பாது, வைத்துக் காத்திருக்காது, இது எனக்கே தெரியும். சத்தம் நெருங்கி நெருங்கி, சுவருக்கு மறுபக்கம், எங்கள் காதோரத்தில் அடிப்பது போல வந்து, ஒரேயடியாக நின்றது. காலடிச் சத்தம் கேட்டது. கனத்தைத் தூக்குகிறவர்கள் விடும் மூச்சு கேட்டது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பெட்டியைச் சுவத்துக்கிட்டக் கொண்டாந்துட்டாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எங்கள் பக்கம் தொங்கிய முனை நடுங்கியது. அப்பாவின் இரு கைகளும் கம்பிச் சுருளுக்குள் இருந்தன. கால் விரல்கள் வேன் கூரையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. துணி இன்னொரு முறை கிழிந்தது, இந்த முறை குறுகலாக. பிறகு எதுவும் இல்லை. அப்பா அசையாமல் கீழே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே ஒருமுறை தலையை ஆட்டினார்.

தப்பு மறுபடி தொடங்கியது. தூரம் போனது. மழை வந்தது.

அப்பா இறங்கியபோது அம்மா தன் முந்தானையால் அவர் கைகளைச் சுற்றினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன், எல்லோருக்கும் கேட்க வேண்டியிருந்ததை. "அத்தை மேல பட்டுச்சாப்பா?"

"பட்டுச்சு" என்றார் அப்பா.

அம்மா அங்கேயே, மழையில், சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் அந்தப் புடவையை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. ஏணி வைத்து ஏறி அறுத்து எடுத்தவர் சின்ன மாமா. மண்ணில் விழாமல் எடுத்து, கொண்டுபோய் எரித்தார் என்று சொன்னார்கள். சம்பள நாள் வரைதான் அவர் அந்த வேலையில் இருந்தார். பெண் வீட்டார் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். வழக்கு மேலே லயத்தில் இருந்தவர்களுக்குத் தோல்வியில் முடிந்தது. லயங்களை இடித்தார்கள். பெரிய மாமா பட்டவொர்த்தில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்தார். சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை. மேலே தொழிற்சாலை வந்துவிட்டதால் இப்போது அது அதன் பின்மதில். இந்தப் பக்கம் தரைவீட்டுக்காரர்கள் அதில் துணி காய வைக்க ஆணி அடித்திருக்கிறார்கள். எதற்காகக் கட்டிய சுவர் என்று அங்கே குடிவந்திருக்கும் இளம் தம்பதியிடம் கேட்டேன். தொழிற்சாலைச் சத்தம் கேட்காமல் இருக்க என்றார்கள்.

அப்பா போன வருஷம் இறந்தார். அத்தான் பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்து, குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. நான் தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி, அன்றைக்கு நீங்கள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் பாருங்கள், அதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை என்றேன். மரியாதைக்குச் சொன்னதுதான். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

திருப்பச் சொன்னது பெரிய மாமா என்றார் அத்தான். தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்திருக்கிறார். சுவருக்கு மேலே அப்பா ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தாராம். கிழிஞ்சா கிழியட்டும், படட்டும் என்று சொல்லிப் பெட்டியைச் சுவரடிக்குக் கொண்டுவரச் செய்திருக்கிறார். அந்தப் பக்கம் தொங்கிய முனைக்குக் கீழே நின்று, தோளிலிருந்து தலைக்கு மேல், கை நீளும் மட்டும் பெட்டியை உயர்த்தினார்கள். அப்பா மேலேயிருந்து துணியைத் தளர்த்தப் பார்த்தார்.

"எட்டல" என்றார் அத்தான். "ஒரு சாண் இருக்கும். ஒசத்தி ஒசத்திப் பாத்தோம், கை நடுங்கிப்போச்சு. எங்கப்பா அண்ணாந்து உங்கப்பாவைப் பாத்தாரு. அவர்தான் தலைய ஆட்டுனாரு, போங்கன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா" என்றார்.

எனக்குத் தெரியாது. துக்கம் கேட்க ஆட்கள் வந்த நாட்களில், எனக்கு அப்போது ஒன்பது வயது, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தியைச் சொன்னது நான்தான். சுவரில் மாட்டிக்கொண்டதைக் கேள்விப்பட்டு, கோடி இல்லாமலா போனாள் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே வருவார்கள். நான் குறுக்கே புகுந்து, பெட்டி திரும்பி வந்ததையும், தப்பு நின்றதையும், அத்தை மேல் புடவை பட்டதையும் ஒன்று விடாமல் சொல்வேன். பெண்கள் என்னை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். கட்டுப்போட்ட கைகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய் வேனைத் துடைத்தார். பெரியவர்கள் நடுவில் நான் நீட்டி முழக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அடுத்து வந்தவர்களிடம் கதையை எல்லாம் விட்டுவிட்டு, அவருக்கும் நன்றாகக் கேட்கும்படி, பட்டுச்சு என்று மட்டும் சொன்னேன்.